தலையில் தொடங்குங்கள்: ஃபோர்ட்ரஸ் மாக்ஸிமஸ் பொம்மைக்கும் அவன் கதைக்கும் குமரி மாவட்ட வீடுகளுக்கான முழு வழிகாட்டி

ஏறக்குறைய இரண்டடி உயரத்தில் ஒரு ரோபோ. அவன் தலையைக் கழற்றிப் பிரித்தால் அதுவே கைகாலோடு எழுந்து நிற்கும் இன்னொரு ரோபோ. அந்த ரோபோவின் தலையையும் கழற்றினால் கட்டைவிரல் அளவில் மூன்றாவதாக ஒருவன். உடம்பை ஒரு விதமாக மடக்கினால் விண்கப்பல், இன்னொரு விதமாக விரித்தால் நகரம். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற உருமாறும் ரோபோ பொம்மை வரிசையில் ஃபோர்ட்ரஸ் மாக்ஸிமஸ் என்ற பெயரைச் சொன்னதும் சேகரிப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவது இந்த அடுக்குத் தலைக்காகத்தான். உயரம் அப்புறம்தான்.

இதை வாங்குகிற பலர் பெட்டியைப் பிரித்ததும் குறிப்புத்தாளைத் தூர வைத்துவிட்டுக் காலை மடக்க ஆரம்பிக்கிறார்கள். கதை தெரிந்தவர்கள் தலையைக் கழற்றுவதில் ஆரம்பிப்பார்கள். என் கட்சி இரண்டாவது. இந்தப் பொம்மையும் அதன் கதையும் ஒரே ஆண்டில் ஒன்றுக்காக ஒன்று செய்யப்பட்டவை. கதையில் அவன் முதலில் எதைச் செய்கிறானோ, அதையே உங்கள் கையும் முதலில் செய்தால் உறுப்புகளைப் பொருத்தும் முளைகளும் பிழைக்கும், மூட்டும் பிழைக்கும்.

1. கையில் இருப்பது எந்த மாக்ஸிமஸ்?

முதல் வேலை இதுதான். பெயர் ஒன்று, பொம்மைகள் பல.

மூலப் பொம்மை 1987இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 'ஹெட்மாஸ்டர்ஸ்' என்ற உட்பிரிவில் வெளியிட்டது. ஜப்பானில் டகாரா. பல ஆண்டுகளுக்கு டிரான்ஸ்ஃபார்மர்ஸ் குடும்பத்திலேயே பெரியவன் இவன்தான். இவனோடு கேஸ்கெட், கிராமெட் என்று இரண்டு சிறு வண்டிகள் வரும். இரண்டும் சேர்ந்தால் காக் என்ற சிறு ரோபோ. பழைய பொம்மை வாங்கும்போது இந்த இரண்டும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பெரிய உடம்பு பத்திரமாக இருக்கும், குட்டிகள்தான் காணாமல் போயிருக்கும்.

2013இல் டகாரா டோமி அதே அச்சை 'என்கோர்' வரிசையில் மறுபடி வார்த்தது. ஜப்பானியப் பொம்மைக்கே உரிய பெரிய வாளும் அதில் உண்டு.

2016இல் வந்தது 'டைட்டன்ஸ் ரிட்டர்ன்' வரிசையின் டைட்டன் வகுப்புப் பொம்மை, அதாவது மிகப் பெரிய அளவுப் பொம்மை. இன்று நம் பக்கம் யார் வீட்டிலாவது மாக்ஸிமஸ் இருந்தால் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். இது முற்றிலும் புதிய உடம்பு அல்ல. 2013இல் வந்த மெட்ரோபிளெக்ஸ் என்ற இன்னொரு நகர ரோபோவின் அச்சைப் பெருமளவு திருத்திச் செய்தது. மெட்ரோபிளெக்ஸை ஏற்கெனவே மடக்கிப் பழகியவர்களுக்கு இதன் கைகால் புதிதாகத் தெரியாது. தலைதான் புதுசு. பெரிய தலையாக மாறுகிறவன் செரிப்ரோஸ். செரிப்ரோஸின் தலையாக மாறுகிற குட்டி எமிசரி. அதே ஆண்டில் ஜப்பானில் 'லெஜண்ட்ஸ்' வரிசையிலும் இது வந்தது.

போலிகளும் சந்தையில் உண்டு. உடம்பில் எங்காவது ஹாஸ்ப்ரோ, டகாரா டோமி பெயரும் ஆண்டும் அச்சிலேயே வார்க்கப்பட்டிருக்கும். அது மழித்தெடுக்கப்பட்டு வழுவழுவென்றிருந்தால் சந்தேகப்படலாம். போலி என்பதால் விளையாடக் கூடாது என்பதில்லை. ஆனால் அசலின் விலையைக் கொடுக்கக் கூடாது.

2. கதை: ஒருவனுக்கு நான்கு வரலாறு

இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வோம். மற்றவை எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் 1984இல் பிறந்தது. பொம்மைகள் அதற்கு முன்பே இருந்தன. டகாராவின் டயக்ளோன், மைக்ரோமேன் வரிசைகளிலிருந்து ரோபோக்களை எடுத்து, ஹாஸ்ப்ரோ அவற்றுக்குப் புதுக் கதை கொடுத்தது. மார்வெல் காமிக்ஸில் வேலை பார்த்த பாப் புடியான்ஸ்கி என்பவர்தான் பெரும்பாலான பாத்திரங்களுக்குப் பெயர் வைத்து, குணம் எழுதியவர். டயக்ளோனில் ரோபோ என்றால் வெறும் இயந்திரம். உள்ளே உட்கார்ந்து ஓட்ட ஒரு குட்டி மனிதன் இருப்பான். 1984இல் ரோபோவுக்கே உயிர் வந்துவிட்டதால் அந்த ஓட்டுநருக்கு வேலை போயிற்று. மூன்று ஆண்டு கழித்து, ஹெட்மாஸ்டர்ஸில், அவன் வேறு உருவத்தில் திரும்பி வந்தான். இம்முறை உள்ளே உட்காரவில்லை, அவனே தலையானான்.

ஏன் தலை? புடியான்ஸ்கி எழுதி 1987இல் தொடங்கிய நான்கு இதழ் காமிக்ஸ் தொடர் இதற்கு ஒரு காரணம் சொல்கிறது. என் கணக்கில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதைகளிலேயே நல்ல காரணங்களில் ஒன்று அது.

ரோபோக்களின் சொந்தக் கிரகமான சைபர்ட்ரானில் முடிவே இல்லாத போர். ஃபோர்ட்ரஸ் மாக்ஸிமஸ் பெரிய போர்வீரன், ஆனால் போரில் வெறுப்புற்றவன். தன் ஆட்களை அழைத்துக்கொண்டு நெபுலோஸ் என்ற அமைதியான கிரகத்துக்குக் குடிபெயர்கிறான். அங்குள்ள மனிதரைப் போன்றவர்கள் போரையே மறந்து வாழ்கிறவர்கள். வானத்திலிருந்து இறங்கிய இரும்பு ராட்சதர்களைப் பார்த்ததும் அவர்களுக்குப் பயம், பயத்தில் தாக்குகிறார்கள். தாங்கள் சண்டைக்கு வரவில்லை என்பதை எப்படி நம்பவைப்பது? ஆயுதத்தைக் கீழே வைத்தால் போதாது, உடம்பே ஆயுதம். அதனால் மாக்ஸிமஸ் தன் தலையைக் கழற்றி ஒப்படைக்கிறான். கூட இருந்த சிலரும் அதே போலச் செய்கிறார்கள்.

வறுமையோடு வந்த புலவருக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லாதபோது, தன் தலைக்கு விலை வைத்திருக்கிறான் தம்பி என்று சொல்லி வாளை நீட்டிய குமணனை அறிந்தவர்கள் நாம். தலையைக் கொடுப்பவன் கோழை இல்லை என்பதை நம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

கதை அதோடு நிற்கவில்லை. நெபுலோஸின் ஸராக் பிரபு உள்ளூர்ப் பொறாமையில், மாக்ஸிமஸின் எதிரிகளான டிசெப்டிகான் ரோபோக்களுக்கு ரகசியமாகத் தகவல் அனுப்புகிறான். அவர்களின் தலைவன் ஸ்கார்பனாக் தன் படையோடு வந்து இறங்குகிறான். இப்போது தலை இல்லாத நல்லவர்கள், ஆயுதம் இல்லாத ஊர்க்காரர்கள். கேலன் என்ற நெபுலோஸ் தலைவர் ஒரு முடிவெடுக்கிறார்: கழற்றிக் கொடுத்த தலையின் இடத்தில் நாங்களே அமர்கிறோம். அவர் மாக்ஸிமஸின் தலையாகிறார். எதிர்ப்பக்கம் ஸராக் ஸ்கார்பனாக்கின் தலையாகிறான். பின்னால் டிரான்ஸ்ஃபார்மர்ஸின் மூலக் காமிக்ஸ் தொடரில் கேலன் இறக்க, அவருடைய தலைக்கவசம் ஸ்பைக் என்ற பூமிக்காரனிடம் வருகிறது.

ஆக, பொம்மையில் நீங்கள் 'டக்' என்று பொருத்துகிற அந்த முளைக்குப் பின்னால் ஒரு சரணாகதியும் ஒரு நட்பும் இருக்கின்றன.

இனி மற்ற மூன்று வரலாறுகள். அமெரிக்கத் தொலைக்காட்சிக் கார்ட்டூனில் 1987 நவம்பரில் வந்த மூன்று பகுதி இறுதிக் கதையில் சண்டை வேண்டாம் என்று ஒதுங்குகிறவன் செரிப்ரோஸ். ஸ்பைக் அவனுக்குத் தலையாகிறான். ஸராக் ஒரு நகரத்தையே ஸ்கார்பனாக் ஆக்கும்போது, இவர்கள் இருவரும் சேர்ந்து இன்னொரு நகரத்தை மாக்ஸிமஸாகக் கட்டுகிறார்கள். பொம்மையின் மூன்றடுக்குத் தலை அப்படியே இருப்பது இந்தக் கதையில்தான். காமிக்ஸில் செரிப்ரோஸ் இல்லாமலே தலை நேராகப் பொருந்திவிடும். ஜப்பானில் அதே 1987இல் தொடங்கிய 35 அத்தியாயத் தொடரில் போரிலிருந்து தப்பி மாஸ்டர் என்ற கிரகத்தில் குடியேறிய சிறிய ரோபோக்கள் தங்களுக்கென்று பெரிய உடம்புகளைக் கட்டிக்கொள்கிறார்கள். அவர்களின் தளபதி ஃபோர்ட்ரஸ். கப்பலாக நிற்கும் பேருடல் மாக்ஸிமஸ். "ஹெட் ஆன்!" என்று கத்திக்கொண்டு தலையில் போய் அமர்வார்கள். எல்.கே.ஜி. பிள்ளைக்கு இந்த ஒரு வரி போதும், மற்றதை அவனே பார்த்துக்கொள்வான்.

நான்காவது பெரியவர்களுக்கானது. 2010இல் ஐ.டி.டபிள்யூ. நிறுவனத்தின் காமிக்ஸில் மாக்ஸிமஸ் காரஸ்-9 என்ற சிறையின் தலைமை அதிகாரி. ஓவர்லார்ட் என்பவன் சிறையைக் கைப்பற்றி அவனை நெடுநாள் வதைக்கிறான். மீட்கப்பட்ட பிறகும் அந்த வதை அவனை விடுவதில்லை. பின்வந்த கதையில் மனநல மருத்துவரான ரங் என்பவரையே பணயமாகப் பிடித்துவைக்கும் அளவுக்கு உடைந்துபோகிறான். ராட்சத உடம்புக்குள் நொறுங்கிய மனசு. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டாம்.

இந்த நான்கில் எது உண்மை என்று வெளியூர் ரசிகர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு அந்தச் சண்டையே விசித்திரமாகப் படும். வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த ஊர் இது. ஒரே இசக்கிக்கு முப்பந்தலில் ஒரு கதை, அடுத்த ஊரில் சற்றே வேறு கதை; எந்தக் கோயிலில் கொடை நடக்கிறதோ அந்தக் கோயிலின் கதையைப் புலவர் பாடுவார், பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். மாக்ஸிமஸுக்கும் அதே முறைதான். உங்கள் வீட்டில் எந்தக் கதை என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

இந்த முடிவு அலமாரியையும் மாற்றும். காமிக்ஸ் கதை என்றால் மாக்ஸிமஸ் மற்ற ரோபோக்களோடு ஒத்த உயரக்காரன். இரண்டடிப் பொம்மையை ஆறங்குலக்காரர்களுக்குப் பக்கத்தில் வைத்தால் கதை கெடும். கார்ட்டூன் கதை என்றால் அவன் நகரம்; கட்டைவிரல் குட்டிகளைச் சாய்தளங்களில் நிறுத்திவைப்பதுதான் அழகு.

3. நாகர்கோவிலுக்குக் கொண்டுவருவது

2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை கட்டாயம். உள்நாட்டுத் தொழிலுக்கு நல்லது, சேகரிப்பவர்களுக்குத் தலைவலி. பெரிய டைட்டன் வகுப்புப் பொம்மைகள் கடைகளில் அபூர்வமாகிப்போனதற்கு இவையும் ஒரு காரணம். மணிமேடை, வடசேரி, மார்த்தாண்டம் கடைகளில் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் கிடைக்கும், இவன் கிடைக்கமாட்டான்.

மிச்சம் இரண்டு வழி. ஒன்று, இந்தியாவுக்குள் ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் வாங்குவது. நிற்கும் நிலையில் நான்கு பக்கமும் படம், செரிப்ரோஸைத் தனியாக நிறுத்தி ஒரு படம், குட்டியை உள்ளங்கையில் வைத்து ஒரு படம் கேளுங்கள். பிறகு இடுப்பையும் முழங்காலையும் மடக்கும் காணொளி ஒன்று, சத்தத்தோடு. ராட்செட் மூட்டு, அதாவது உள்ளே பற்சக்கரம் உள்ள மூட்டு, 'டக், டக்' என்று எண்ணிச் சொல்வது கேட்க வேண்டும். சத்தமே இல்லாமல் கால் வழுக்கினால் பல் தேய்ந்துவிட்டது, ஆள் நிற்கமாட்டான்.

இரண்டாவது வழி, வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது. பணம் கட்டும் முன் சுங்கவரியும் கூரியர் கையாளும் கட்டணமும் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வளைகுடாவில் மாமாவோ சித்தப்பாவோ இல்லாத குடும்பம் இந்த மாவட்டத்தில் குறைவு. திருவனந்தபுரத்தில் இறங்கும்போது கொண்டுவரச் சொல்லலாம் என்று தோன்றும். கைப்பைக்குள் அடங்காத பெட்டி இது என்பதையும், பயணப் பொதிக்கான அப்போதைய வரம்பையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். விமான நிலையத்தில் வைத்து அவர் உங்களைத் திட்டுவதைக் கேட்க வேண்டியிராது.

4. பெட்டியைப் பிரிப்பது

தரையில் கோரைப்பாயோ பழைய போர்வையோ விரித்துக்கொள்ளுங்கள். மேசை வேண்டாம், இரண்டடி ஆள் மேசையிலிருந்து விழுந்தால் முதலில் உடைவது கழுத்துப் பக்கம்தான். பிரிப்பதை ஆரம்பத்திலிருந்து காணொளி எடுங்கள். கட்டியிருக்கும் கம்பிகளையும் காகித நாடாக்களையும் இழுக்காமல் கத்தரியால் வெட்டுங்கள். பெட்டியின் உள்மடிப்புகளில் ஒரு தடவை கைவிட்டுப் பாருங்கள், எமிசரி அங்கே ஒளிந்திருக்கக்கூடும்.

மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் வீடென்றால் எமிசரியை உடனே ஒரு மூடியுள்ள டப்பாவில் போட்டு மேலே வைத்துவிடுங்கள். தொண்டையில் சிக்கும் அளவு அவன். ஜன்னலோரம் வைத்தால் காக்கை தூக்கிப்போகும் அளவும் கூட.

5. உருமாற்றம், தலையிலிருந்து

முதல் படி: நிற்கும் மாக்ஸிமஸின் முதுகைத் தாங்கிப் பிடித்து, மற்றக் கையால் தலையை, அதாவது மடங்கிக் கிடக்கும் செரிப்ரோஸை, நேர் மேலே தூக்குங்கள். பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி எடுக்கக் கூடாது. கழுத்து முளை பருத்ததுதான், இருந்தாலும் சாய்த்து இழுத்தால் துளையின் ஓரம் வெளுக்கும். பிளாஸ்டிக் வெளுப்பது முறிவதற்கு முந்திய எச்சரிக்கை.

தலையை முதலில் எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. உடம்பைப் படுக்க வைக்கும்போது மேலே இருப்பதுதான் முதலில் தரையைத் தொடும். தலை இருந்தபடியே படுக்க வைத்தால் மொத்தப் பாரமும் ஒரு முளையில் இறங்கும். அதுவுமில்லாமல், நகர வடிவத்தில் செரிப்ரோஸ் தனியாக நடமாட வேண்டியவன். எப்படியும் வெளியே வந்தாக வேண்டும். நெபுலோஸில் மாக்ஸிமஸ் செய்ததும் இதைத்தான். தலை போனபிறகு மற்ற எல்லாம் பாதுகாப்பான வேலை.

இரண்டாம் படி செரிப்ரோஸை விரிப்பது. கைகளை எடுத்து, கால்களை நீட்டி, நிறுத்துங்கள். அவன் தலையாக இருக்கும் எமிசரியைக் கழற்றி, மடங்கியிருக்கும் கால்களை நிமிர்த்துங்கள். குட்டியின் முதுகில் முகம் வரைந்திருப்பதைக் கவனியுங்கள். மடங்கியபோது உலகைப் பார்த்தது அந்த முகம். இவனை மட்டும் நகத்தால் நெம்பாமல் விரல் நுனியால் மடக்குங்கள். இந்த அளவுத் தலைகள் 'டைட்டன்ஸ் ரிட்டர்ன்' வரிசையின் பல நடுத்தர ரோபோக்களுக்கும் பொருந்தும். வீட்டில் இரண்டு மூன்று இருந்தால் தலை மாற்றும் விளையாட்டு ஒரு மாலை முழுக்க ஓடும்.

மூன்றாவது, ஆயுதங்களையும் கழன்று வரும் உறுப்புகளையும் எடுத்து ஒரு தாம்பாளத்தில் போடுங்கள். உடம்போடு விட்டால் மடக்கும்போது எங்காவது இடித்துக்கொண்டு, மூட்டில் குறை என்று நினைக்க வைக்கும்.

பிறகு உடம்பு. அதை மல்லாக்கப் படுக்க வைத்து, குறிப்புத்தாளின் எண் வரிசைப்படி போங்கள். கால்கள் நகர வடிவத்தில் கோபுரங்களாகவும் சாய்தளங்களாகவும் பிரியும். கைகள் மடங்கி உடம்போடு சேரும். இந்த இடத்தில் ஒவ்வொரு மூட்டையும் பற்றி எழுதிக்கொண்டிருப்பதைவிட இரண்டு பழக்கம் சொல்கிறேன். மூட்டுக்கு இரு பக்கமும் பிடித்து மடக்குங்கள்: தொடையை மடக்க வேண்டுமானால் ஒரு கை இடுப்பில், ஒரு கை தொடையில். பாதத்தைப் பிடித்து மொத்தக் காலையும் சுழற்றுவதால்தான் முழங்கால் பல் போகிறது. அடுத்தது, ஒன்று நகரவில்லை என்றால் பலம் கூட்டாதீர்கள். அதற்கு முன் திறக்க வேண்டிய பூட்டோ, தள்ள வேண்டிய பலகையோ விடுபட்டிருக்கும். முந்தைய படத்துக்குத் திரும்புங்கள்.

திரும்ப ரோபோவாக்கும்போது வரிசையைத் தலைகீழாக்குங்கள்: உடம்பு முழுதாக எழுந்து, இரண்டு பாதமும் சமமாகப் பதிந்து, தானாக நின்ற பிறகுதான் தலை. பிள்ளைகள் உடனே தலையை வைக்கத் துடிப்பார்கள். இங்கேதான் கதை கைகொடுக்கும்.

"தலையக் கழட்டிக் குடுத்தா மத்தவன் அடிச்சிர மாட்டானா மாமா?"

"அடிச்சாலும் அடிக்கட்டும்னுதான் மக்கா குடுத்தான். முதல்ல அவன எந்திரிச்சு நிக்க வை, அப்புறம் பாரு, அந்த ஊர்க்காரனே ஓடிவந்து தலையா ஏறிக்குவான்."

இதைக் கேட்ட பிள்ளை காலைச் சரி செய்யும் வரை பொறுத்திருக்கும். எச்சரிக்கைப் பலகை செய்யாத வேலை இது.

6. உப்புக்காற்றும் இரண்டு மழையும்

வெளிநாட்டு வழிகாட்டிகள் சூரிய ஒளியைப் பற்றி நிறையவும் ஈரத்தைப் பற்றிக் கொஞ்சமும் எழுதுவார்கள். நமக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் தென்மேற்கு மழை வலுக்கும். கொளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலோரம் இருப்பவர்களுக்கு அதோடு உப்பும்.

பிளாஸ்டிக்குக்கு உப்பால் பெரிய கேடில்லை. உள்ளே இருக்கும் திருகாணிகளும் ராட்செட்டின் சுருள்வில்லும் இரும்பு. அவை துருப்பிடித்தால் வெளியில் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் மூட்டு இறுகும், அல்லது பழுப்புநிறக் கறை இடுக்கில் வழியும். கடலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வீடென்றால் கண்ணாடிக் கதவுள்ள அலமாரி அவசியம். திறந்த தட்டில் வைத்தால் மென்மையான துணியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். திருகாணிக் குழிகளில் ஈரம் நிற்கக் கூடாது.

இனி, நம் ஊர்க்காரர்களிடம் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது: தேங்காய் எண்ணெய் வேண்டாம். கதவுக் கீல் கிறீச்சிட்டால் எண்ணெய், தையல் இயந்திரத்துக்கு எண்ணெய், தலைக்கு எண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் ஒரே கிண்ணத்தைத் தூக்கும் ஊர் இது. மூட்டில் விட்டால் இரண்டு நாள் வழவழப்பாக இருக்கும், பிறகு தூசியைப் பிடித்துப் பசையாகும், சிக்கு வாடை அடிக்கும். மண்ணெண்ணெய், துருநீக்கும் தெளிப்பான் வகைகளும் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில் நுண் விரிசல் விழவைக்கும் தன்மை அவற்றுக்கு உண்டு. மூட்டு உண்மையிலேயே இறுக்கமாக இருந்தால் சிலிகான் கிரீஸ் ஊசிமுனை அளவு போதும்.

பாச்சா உருண்டையும் அப்படித்தான். பட்டுப்புடவைப் பெட்டியில் போடுவதுபோல் பொம்மைப் பெட்டியிலும் போட்டுவைப்பார்கள். நாஃப்தலீன் ஆவி சில வகை பிளாஸ்டிக்கை இளக்கிப் பிசுபிசுக்க வைக்கும். ஈரத்துக்குச் சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள்; நிறம் மாறும் வகையானால் எப்போது மாற்ற வேண்டும் என்று அதுவே சொல்லும்.

அட்டைப்பெட்டிக்குக் கரையான்தான் எமன். தரையிலும் வைக்காதீர்கள், சுவரோடும் ஒட்டாதீர்கள். ஓட்டு வீட்டின் பரண் கோடையில் கொதிக்கும், மழையில் ஒழுகும். அங்கே ஏற்றுவதைவிட கட்டிலுக்கு அடியில் பலகை மேல் வைப்பது மேல்.

வெயிலைப் பற்றி ஒரு வரி: வெளிர் சாம்பலும் வெள்ளையும் ஆன பாகங்கள் ஜன்னல் ஒளியில் மஞ்சளாகும். 1987 பொம்மை வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த துக்கம்.

அலமாரி அளவு

சுவர் அலமாரியில் தட்டுக்குத் தட்டு பொதுவாக ஒன்று, ஒன்றே கால் அடிதான் இருக்கும். இவனுக்குப் போதாது. தச்சரிடம் சொல்லும்போது உள் உயரம் 70 செ.மீ. என்று சொல்லுங்கள், 61 செ.மீ. ஆளுக்கு மேலே தலையைத் தூக்கி எடுக்கக் கைபோகும் இடமும் வேண்டும். நகர வடிவத்தில் வைப்பதானால் உயரத்தைவிட அகலம் முக்கியம், அதை விரித்து அளந்த பிறகு தச்சரைக் கூப்பிடுங்கள். நடுவில் தொய்யாத பலகை போடச் சொல்லுங்கள்.

7. படம் எடுக்கப் போகிறீர்களா

இவனை வாங்கிய யாரும் வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பதில்லை. வட்டக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு போகத் தோன்றும். நியாயமான ஆசைதான்: கருங்கல் மதில், மதிலுக்கு அப்பால் கடல், பெயரிலேயே கோட்டை உள்ள ஒரு ரோபோ. 1741இல் கொளச்சல் போரில் தோற்று, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படையிலேயே சேர்ந்து உதயகிரியையும் வட்டக்கோட்டையையும் பலப்படுத்திய டச்சுக்காரர் டி லனாயின் கைவண்ணம் அந்த மதிலில் இருக்கிறது. ஆயுதத்தை ஒப்படைத்தவன் மறுபடி கோட்டை கட்டிய ஊரில் மாக்ஸிமஸை நிறுத்துவதில் எனக்கொரு தனி ரசனை.

கேமராவைத் தரையோடு தரையாக வையுங்கள். பொம்மை பக்கத்தில், மதிலோ பாறையோ தூரத்தில். கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலையைப் பின்னணியாக வைக்கிறவர்களும் உண்டு. 38 அடிப் பீடத்தின் மேல் 95 அடிச் சிலை என்ற கணக்கு மனசில் இருந்தால், பொம்மையின் முழங்கால் சிலையின் பீடத்துக்கு நேராக வருவதுபோல் நிறுத்திப் பாருங்கள், உயரம் நம்பும்படி அமையும். காலை வெயில் சாய்வாக விழும் நேரம் நல்லது. எமிசரியைப் பாதத்துக்கருகில் நிறுத்த மறக்காதீர்கள். அவன் இல்லாமல் ராட்சதன் ராட்சதனாகத் தெரியமாட்டான்.

கடற்கரை மணலில் மட்டும் நேரடியாக நிறுத்தாதீர்கள். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் இல்மனைட், சிர்க்கானோடு கார்னெட்டும் கலந்திருக்கிறது. உப்புத்தாள் செய்யப் பயன்படும் கனிமம் கார்னெட். அப்படிப்பட்ட துகள் ராட்செட்டுக்குள் போய்விட்டால் ஒவ்வொரு 'டக்'கும் பல்லை அராவும். பாறை மேல் நிறுத்துங்கள், அல்லது மணல் நிறத்தில் ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். மணல் பட்டே ஆக வேண்டிய படமென்றால் முடித்ததும் மடக்காமல், நின்றபடியே, காற்று ஊதும் ரப்பர் பந்தால் ஒவ்வொரு இடுக்கையும் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். மடக்கினால் துகள் உள்ளே போகும்.

வீடு திரும்பியதும் நல்ல தண்ணீர்த் துணியால் ஒரு துடைப்பு, மின்விசிறிக் காற்றில் ஒரு இரவு. தலையைத் தனியாகவே காயப்போடுங்கள். கழுத்துத் துளைக்குள் தேங்கிய ஈரம் போன பிறகு மறுநாள் பொருத்தலாம். பிள்ளை கேட்டால், கேலன் இன்னும் நெபுலோஸிலிருந்து கிளம்பவில்லை என்று சொல்லிக்கொள்ளுங்கள்.